எரிவாயுக் கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்போரின் உடல்நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பக்கத்தில் இயற்கை எரிவாயு எடுத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா, ஆகிறதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அந்த ஆய்வுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில், அதிலும் பென்சில்வேனியா, கொலராடோ மாநிலங்களில் நடந்தவை. அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன. கிணறு என்ற சொல் இரண்டு வகைக்கும் பொது என்பதால் எரிவாயுக் கிணறு, குடிநீர்க் கிணறு என்று பிரித்தே எழுதியிருக்கிறேன்.

எரிவாயு எடுக்கும்போது அப்படி என்னதான் வெளியே வருகிறது?

அது எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது. முதலில் இடத்தைச் சமப்படுத்துவார்கள், அப்புறம் துளையிடுவார்கள். பாறை இறுக்கமானது என்றால் தண்ணீரையும் மணலையும் ரசாயனங்களையும் பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குவார்கள். ஃபிராக்கிங் என்று சொல்வது இதைத்தான். செலுத்திய தண்ணீரில் ஒரு பகுதி சில நாட்களில் மேலே திரும்பி வரும். கூடவே ஆழத்தில் கிடந்த உப்பு, பேரியம், ரேடியம், பென்சீன் போன்றவையும் வரும். அதற்கப்புறம் கிணறு வருடக்கணக்கில் எரிவாயு தந்துகொண்டிருக்கும், எரிவாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் கம்ப்ரசர் நிலையங்கள் இரவு பகலாக ஓடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொல்லை. துளையிடும்போதும் விரிசல் உண்டாக்கும்போதும் டீசல் புகை, இரைச்சல், இரவில் கண்ணைக் கூசும் விளக்கு, ஓயாத லாரி நடை. மணலைக் கையாளும் இடத்தில் சிலிக்கா தூசி. இதைத் தொழிலாளர்களிடம் அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் அளந்து பார்த்து 2012இல் எச்சரிக்கை வெளியிட்டது: 5 மாநிலங்களில் 11 இடங்களில் எடுத்த 116 மாதிரிகளில் 79 சதவீதம் அந்த நிறுவனம் பரிந்துரைத்த வரம்பைத் தாண்டியிருந்தன. தண்ணீர் திரும்பி வரும் நாட்களில் பென்சீன், டொலுயீன், சைலீன் மாதிரியான ஆவியாகும் பொருட்கள். உற்பத்திக் கட்டத்தில் கசிவுகள், கம்ப்ரசர் எஞ்சினிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள், ஃபார்மால்டிஹைடு. இவை வெயிலில் கலந்தால் ஓசோன் உண்டாகும். வயோமிங் மாநிலத்தில் மக்கள் அடர்த்தியே இல்லாத சுப்லெட் மாவட்டத்தில், பனி மூடிய குளிர்காலத்தில், ஓசோன் அளவு தேசிய வரம்பைத் தாண்டியது. ஓசோன் கோடைக்கால நகரப் பிரச்சினை என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"ஃபிராக்கிங் கெடுதலா?" என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். எந்தக் கட்டம், எந்தப் பொருள், எத்தனை நாள் என்று கேட்க வேண்டும்.

எத்தனை தூரம் தள்ளியிருந்தால் பாதுகாப்பு?

இதற்கு ஒரு எண்ணைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி ஒரு எண் இல்லை. கொலராடோவின் கார்ஃபீல்டு மாவட்டத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு அரை மைலை, அதாவது சுமார் 800 மீட்டரை, எல்லையாக வைத்துப் பார்த்தது. அதற்குள் இருப்பவர்களுக்குக் கணக்கிட்ட புற்றுநோய் அபாயம் பத்து லட்சத்தில் 10, வெளியே இருப்பவர்களுக்குப் பத்து லட்சத்தில் 6. பெரிய வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. கிணற்று வேலை முடியும் தறுவாயில் வருகிற குறுகிய கால நச்சுத் தாக்கத்துக்கான குறியீடு அருகில் இருப்பவர்களுக்கு 5, தள்ளி இருப்பவர்களுக்கு 0.2. இந்தக் குறியீடு 1ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

பென்சில்வேனியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்த 2017 ஆய்வில் பாதிப்பு 1 கிலோமீட்டருக்குள் பலமாகவும், 3 கிலோமீட்டர் வரை லேசாகவும் தெரிந்தது; அதற்கு மேல் சான்று பெரிதாக இல்லை. சட்டங்கள் வேறு கணக்கில் போகின்றன: பென்சில்வேனியாவில் 2012 சட்டப்படி 500 அடி, கொலராடோவில் 2020இல் கொண்டுவந்த விதிப்படி 2,000 அடி, கலிஃபோர்னியாவில் 3,200 அடி. ஒரே மனித உடம்புக்கு மூன்று மாநிலங்களில் மூன்று தூரம் என்பதை யோசித்துப் பார்த்தால், இந்த எண்களில் மருத்துவத்தைவிடப் பேரம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நோய் வந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் ஆய்வு உண்டா?

தொடர்பு இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் பல உண்டு. பென்சில்வேனியாவில் கைசிங்கர் என்ற பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் பதிவேடுகளை வைத்து இரண்டு முக்கியமான ஆய்வுகள் 2016இல் வந்தன. ஒன்றில் 35,508 ஆஸ்துமா நோயாளிகள். எரிவாயு வேலை அதிகம் நடக்கும் இடத்துக்கு அருகில் இருந்தவர்களுக்கு மூச்சுத்திணறல் முற்றி மருந்து கூட்ட வேண்டியிருந்ததும், அவசர சிகிச்சைக்கு ஓடியதும், படுக்கையில் சேர்ந்ததும் அதிகம். இன்னொன்றில் 9,384 தாய்மார்கள். எரிவாயு வேலைக்கு மிக அதிகம் ஆட்பட்ட கால்வாசிப் பேரிடம், மிகக் குறைவாக ஆட்பட்ட கால்வாசியைவிடக் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுதல். ஆனால் அதே ஆய்வில் குழந்தையின் எடையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

2022இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் உள்ள 1.5 கோடிப் பேரை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். கிணறுகளுக்கு மிக அருகில் இருந்த முதியவர்களின் இறப்பு அபாயம் 2.5 சதவீதம் அதிகம். அதிலும் கிணற்றிலிருந்து காற்று வீசும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதல். அந்தக் காற்றுத் திசைதான் இங்கே முக்கியம். பக்கத்து ஊரிலும் அதே வயது, அதே வருமானம், அதே பழக்கவழக்கம் இருக்கலாம். காற்று ஒரு பக்கமாக வீசுகிறது என்பதற்கும் ஒருவர் புகைபிடிக்கிறாரா என்பதற்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை.

ஏன் எல்லாரும் பிரசவத்தையே ஆராய்கிறார்கள்? புற்றுநோயைப் பார்க்கக் கூடாதா?

காலம்தான் காரணம். புற்றுநோய் வெளியே தெரிய பத்து இருபது வருடம் ஆகலாம், அதற்குள் மனிதர்கள் வீடு மாறுவார்கள், வேலை மாறும். கர்ப்பம் ஒன்பது மாதக் கணக்கு. ஆரம்பமும் முடிவும் தேதியோடு தெரியும், தாயின் முகவரி பிறப்புப் பதிவில் இருக்கும், குழந்தையின் எடையை எங்கேயும் தவறாமல் எழுதி வைக்கிறார்கள். இன்னொரு வசதி, ஒரே தாய் கிணறு வருவதற்கு முன் ஒரு குழந்தையும் வந்த பின் ஒரு குழந்தையும் பெற்றிருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். தாய் அதே ஆள்தானே, அவருடைய மரபணுவும் வளர்ந்த விதமும் படிப்பும் ஒப்பீட்டில் தானாகக் கழிந்துவிடும். மேலே சொன்ன 2017 ஆய்வில் இந்த ஒப்பீடும் இருந்தது. 1 கிலோமீட்டருக்குள் எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள்.

ஓர் ஆய்வு ஆமாம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதை நம்புவது?

நியாயமான எரிச்சல். பென்சில்வேனியாக் குழந்தைகளின் ரத்தப்புற்றையே எடுத்துக்கொள்வோம். 2022இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு, 2 முதல் 7 வயதுக்குள் ஒரு வகை ரத்தப்புற்று வந்த 405 குழந்தைகளையும் வராத 2,080 குழந்தைகளையும் ஒப்பிட்டு, எரிவாயுக் கிணற்றிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வாய்ப்பு என்றது. அடுத்த வருடமே, 2023 ஆகஸ்டில், மாநிலச் சுகாதாரத் துறைக்காக பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியைப் பார்த்துவிட்டு, ரத்தப்புற்றோடு தொடர்பு தெரியவில்லை, ஆனால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று 1 மைலுக்குள் வாழ்ந்த குழந்தைகளுக்கு 5 முதல் 7 மடங்கு அதிகம் என்றது. அந்தப் பகுதி மக்கள் ஆய்வு கேட்டுப் போராடியதே யூயிங் சர்கோமா என்ற அரிய எலும்புப் புற்றுக்காகத்தான். அதில் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. பகுதி வேறு, வயது வேறு, எதை "அருகில்" என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதும் வேறு. அரிய நோய் என்றால் எண்ணிக்கை சொற்பம், இரண்டு குழந்தைகள் கூடக் குறைய இருந்தாலே முடிவு ஆடிப்போகும். கொலராடோவின் கிராமப்புறத்தில் 1,24,842 பிறப்புகளைப் பார்த்த 2014 ஆய்வில் பிறவி இதயக் குறைபாடு கிணறுகள் அடர்ந்த இடத்தில் அதிகமாகவும், குறைப்பிரசவம் அதே இடத்தில் குறைவாகவும் வந்தது. அதை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். தனி ஆய்வு ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு இடங்கள், வேறு வேறு முறைகள், அப்படியும் ஒரே திசையில் காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஆஸ்துமாவிலும் பிறப்பு எடையிலும் அந்தத் திசை எனக்குத் தெளிவாகவே தெரிகிறது, புற்றுநோயில் இன்னும் இல்லை.

குழாய்த் தண்ணீர் தீப்பிடிக்கும் என்பது உண்மையா?

உண்மை. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன்தான். தண்ணீரில் கரைந்த மீத்தேன் வெளியேறிக் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை சேர்ந்தால் ஒரு பொறி போதும். பென்சில்வேனியாவின் டிமாக் என்ற சிற்றூரில் 2009 புத்தாண்டு அன்று ஒரு குடிநீர்க் கிணறே வெடித்தது.

ஆனால் அந்த மீத்தேன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பெரிய சண்டை. அங்கே பல இடங்களில் எரிவாயு எடுக்கும் முன்பே தண்ணீரில் மீத்தேன் உண்டு. டியூக் பல்கலைக்கழகம் 2013இல் 141 குடிநீர்க் கிணறுகளைப் பார்த்தபோது 82 சதவீதத்தில் மீத்தேன் இருந்தது. ஆனால் எரிவாயுக் கிணற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளில், தள்ளியிருந்த வீடுகளோடு ஒப்பிட்டால், மீத்தேன் சராசரி 6 மடங்கு, இயற்கை எரிவாயுவில் இருக்கும் இன்னொரு வாயுவான ஈத்தேன் 23 மடங்கு. இந்த ஈத்தேன் நல்ல துப்பு. சதுப்பில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவில் ஈத்தேன் கிட்டத்தட்ட இருக்காது, அது ஆழத்துப் பாறையிலிருந்து வருவது. அடுத்த வருடம் வந்த ஆய்வு, வாயு மேலேறிய இடங்களில் விரிசலைவிடக் கிணற்றுச் சுவரின் குழாயும் சிமென்ட்டும் சரியில்லாததே காரணம் என்று காட்டியது. அதாவது தடுத்திருக்கக் கூடிய தவறு.

தண்ணீரில் மீத்தேன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 28ஐத் தாண்டினால் உடனே செயல்பட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல்.

"பாதிப்புக்கு ஆதாரம் இல்லை" என்று அரசே சொல்லிவிட்டதாமே?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 ஜூனில் வெளியிட்ட வரைவில், ஃபிராக்கிங் குடிநீரைப் பரவலாகப் பாதித்ததற்குச் சான்று காணவில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. எல்லாத் தலைப்புச் செய்தியும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. முகமையின் சொந்த அறிவியல் ஆலோசனைக் குழுவே அந்த வாக்கியத்தைத் தாங்கும் அளவுக்குத் தரவு இல்லை என்று கேள்வி எழுப்பியது. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் வாக்கியம் இல்லை. சில சூழ்நிலைகளில் பாதிப்பு நேரும் என்றும், எவ்வளவு பரவலாக என்று சொல்லத் தரவு போதாது என்றும் இருந்தது.

எனக்கு இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. தரவு ஏன் போதவில்லை? எரிவாயு எடுக்கும் முன் தண்ணீரையும் காற்றையும் பெரும்பாலும் யாரும் அளந்து வைக்கவில்லை. அளந்து வைத்த கம்பெனிகள் பல அதைப் பொதுவில் வைக்கவில்லை. வழக்குப் போட்ட குடும்பங்களோடு சமரசம் செய்தபோது வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ரசாயனப் பட்டியலில் சில பெயர்கள் வணிக ரகசியம். பென்சில்வேனியாவின் 2012 சட்டம், நோயாளிக்காக ரகசிய ரசாயனத்தின் பெயரைக் கேட்கும் மருத்துவரே அதை வெளியே சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 2016இல்தான் அதை ரத்து செய்தது. தேடவே விடாமல் வைத்துவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

காற்றை அளந்தார்கள், எல்லாம் வரம்புக்குள் என்றார்கள். அப்புறம் ஏன் தலைவலி வருகிறது?

எப்போது அளந்தார்கள், எத்தனை மணி நேரத்துக்குச் சராசரி போட்டார்கள் என்று கேளுங்கள். 24 மணி நேரச் சராசரியில் அதிகாலை மூன்று மணிக்கு வந்து இருபது நிமிடத்தில் போய்விடும் ஓர் உச்சம் கரைந்தே போகும். மூக்கும் கண்ணும் சராசரியைச் சுவாசிப்பதில்லை. காற்று அசையாத இரவுகளில், தாழ்வான இடத்தில் இருக்கும் வீட்டில், புகை தரையை ஒட்டித் தேங்கும். மேட்டில் வைத்த கருவிக்கு அது தெரியாது. இதனால்தான் 5 மாநிலங்களில் மக்களே, வாடை வந்த அந்த நேரத்திலேயே, காற்றைப் பையில் பிடித்து அனுப்பிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் சில மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தன.

தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இரவெல்லாம் எஞ்சின் இரைச்சலில் தூக்கம் கெட்டால் அதுவே தலைவலி தரும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதுவும் எரிவாயு வேலையின் விளைவுதான்.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியாது. பென்சீன் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், மீதி இருப்பது பெட்ரோல் நிலையத்திலிருந்தோ சிகரெட்டிலிருந்தோ வந்திருக்கலாம். பணத்தைத் தண்ணீர்ப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.

தண்ணீர் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும்?

வழக்கு, இழப்பீடு என்று போகும் வாய்ப்பு இருந்தால் சான்று பெற்ற ஆய்வகத்தின் ஆள் வந்து எடுக்கட்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது எழுத்தில் இருக்கட்டும். ஆனாலும் பக்கத்தில் நின்று பாருங்கள், ஏனென்றால் அவசரத்தில் எடுத்த மாதிரி உங்கள் காலை வாரிவிடும்.

வடிகட்டிக்கும் தொட்டிக்கும் முன்னால் இருக்கும் குழாயில் எடுக்க வேண்டும். குழாய் முனையில் சல்லடை இருந்தால் கழற்றிவிட வேண்டும், அது காற்றைக் கலந்து வாயுவை வெளியேற்றிவிடும். தேங்கிய தண்ணீர் போகும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் பென்சில் கனத்துக்கு ஒழுக்கைக் குறைத்து, 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியைச் சாய்த்துப் பிடித்து உள்சுவரை ஒட்டி நிரப்புவார்கள். குப்பிக்குள் சில துளி அமிலம் இருக்கும், கழுவிக் கொட்டிவிடக் கூடாது, நிரம்பி வழியவும் கூடாது. வாய்வரை வந்து தண்ணீர் லேசாகக் குமிழ்ந்து நிற்கும்போது மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் ஒரு தட்டு. குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழ் ஓடினாலும் வேறு குப்பியில் புதிதாக எடுக்க வேண்டும், கரைந்த வாயு அந்தக் குமிழுக்குள் தப்பியிருக்கும். அப்புறம் நேராகப் பனிக்கட்டிப் பெட்டிக்குள்.

மீத்தேன், ஈத்தேன், பென்சீன் தவிர குளோரைடு, புரோமைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மொத்தக் கரைதிடப்பொருள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆழத்து உப்புநீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. துளி கலந்தாலும் இந்த எண்கள் எகிறும்.

வேறென்ன எழுதி வைக்கலாம்?

ஒரு சாதாரண நோட்டு போதும். "செவ்வாய், அதிகாலை 2.40. அழுகிய முட்டை வாடை, காற்று வடக்கிலிருந்து. சின்னவனுக்கு இருமல், 4 மணி வரை. கிணற்றுத் தளத்தில் எரியும் தீச்சுடர் வழக்கத்தைவிடப் பெரியது." இந்த மாதிரி நான்கு வரி. வாடை இல்லாத நாளையும் இல்லை என்று எழுதுங்கள். கெட்ட நாட்களை மட்டும் எழுதிய நோட்டை எந்த ஆய்வாளரும் பயன்படுத்த முடியாது, ஒப்பிட நல்ல நாள் வேண்டுமே.

ஆய்வுக் குழு வந்தால் நாங்கள் என்ன கேட்பது?

பணம் யாருடையது, முடிவு அவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியிடுவார்களா, தரவு யார் கையில் இருக்கும், எங்கள் வீட்டு எண்களை எங்களுக்குத் தருவார்களா. கம்பெனிப் பணத்தில் நடந்தது என்பதாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது, எதிர்ப்பாளர் பணத்தில் நடந்ததால் மெய்யாகிவிடவும் செய்யாது. மூலத் தரவை வெளியே வைக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆய்வு முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

நியூயார்க் மாநிலம் காத்திருக்கவில்லை. அதன் சுகாதாரத் துறை கிடைத்த ஆய்வுகளையெல்லாம் பார்த்துவிட்டு, அபாயம் எவ்வளவு என்று சொல்ல முடியாத நிலையில் அனுமதிக்க முடியாது என்றது, 2014 டிசம்பரில் அரசு பெரிய அளவிலான ஃபிராக்கிங்கைத் தடை செய்வதாக அறிவித்தது. பக்கத்து பென்சில்வேனியா அனுமதித்தது, அதனால்தான் நம்மிடம் இத்தனை ஆய்வுகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் வரும் எண்களில் பல அங்கே குடியிருந்தவர்களின் நுரையீரலிலிருந்தும் கர்ப்பத்திலிருந்தும் வந்தவை என்பதை நினைக்கும்போது மனசு கனக்கிறது.

எங்கள் ஊரில் ஏற்கெனவே தோண்டிவிட்டார்கள். இனி அளந்து என்ன பயன்?

பயன் உண்டு. ஒரு தளத்தில் ஒரு கிணற்றோடு நிற்பது அரிது, அடுத்தடுத்துத் தோண்டுவார்கள். பழைய கிணற்றில் மறுபடி விரிசல் உண்டாக்குவதும் நடக்கும், கம்ப்ரசர் நிலையம் அப்புறம் வரும், கடைசியில் கைவிட்ட கிணற்றை அடைக்கும் வேலை வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு "முன்பு" இருக்கிறது, அப்போது அளந்து வைத்தால் பின்னால் ஒப்பிடலாம். பென்சில்வேனியச் சட்டத்தில், எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் தண்ணீர், வேலை நடந்த 12 மாதத்துக்குள் கெட்டால் அது கம்பெனியின் பொறுப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். முன்பே இப்படித்தான் இருந்தது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அதனால் அவர்கள் உங்கள் வீட்டுத் தண்ணீரை அளக்க வருவார்கள். கதவைச் சாத்தாதீர்கள், மறுத்தால் அதுவே அவர்களுக்குச் சாதகம். அளக்கட்டும், அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதே நாளில் அதே குழாயில் உங்களுக்கென்று இன்னொரு குப்பியும் நிரப்பி வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.